கேமராவை ஆன் பண்ணுங்க, மதுமதி

1

இந்தக் கதை பள்ளிபாளையத்தில், ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்துவைத்து, ஒரு காதில் மட்டும் ஒயரை மாட்டிக்கொண்டு ரசஞ்சோறு சாப்பிட்டார். திரையில் ஒரு பெண் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பாடமுங்களா?" என்றேன்.

"ஆமாங்க. புள்ளைக்கு."

"புள்ள எங்கீங்க?"

"ஊட்டுல இருக்குதுங்க."

மோர் வந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'நாமக்கல் மலைக்கோட்டையின் நிழல் விழும் அந்தச் சிற்றூரில்...' நிழல் அவ்வளவு தூரம் விழாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'தகப்பனின் தியாகம் என்பது...' இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். மோகன்குமாருக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. ஒரே மகள் மதுமதி விடுதிப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாவது படித்தாள். தீபாவளி விடுமுறை முடிந்து அவளைக் கொண்டுபோய் விட்டார். டிரங்குப் பெட்டியை இறக்கி வராந்தாவில் வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் காரிலேயே இருக்கிறாள். பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எறங்கு சாமி."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கைகள் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தன.

அவர் போய்ப் பெட்டியைத் திரும்பத் தூக்கிவந்தார். வண்டி பைபாஸ் ஏறியபின், "டீ குடிக்கலாமா கண்ணு?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

(ஏன் இறங்கவில்லை? ஒரு வரைவில் வார்டனைக் காரணமாக்கினேன். இன்னொன்றில் ஒரு தோழியை. பிறகு வெறும் மார்க்கை. எதை வைத்தாலும் கதை அந்தக் காரணத்தின் கதையாகிவிடுகிறது. தகப்பன் ஓரத்துக்குப் போய்விடுகிறார். கேட்காமல் விட்டவருக்குத் தெரியாததை உங்களுக்கு மட்டும் சொல்வது நியாயமில்லை.)

3

"ஊருக்குள்ள கேக்கறவங்களுக்கு என்னன்னு சொல்றதுங்க?" என்றாள் மனைவி சாந்தாமணி. மோகன்குமார் யாரையோ விசாரித்து, திறந்தநிலைப் பள்ளியில் மகளின் பெயரைப் பதிந்தார். சேலத்தில் ஒரு டியூஷன் சென்டர் நடத்தும் ஆன்லைன் வகுப்பிலும் சேர்த்தார். மதுமதி சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழவில்லை. வருகை குறைந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். எனவே அவள் பெயரில் இவரே வகுப்புக்குப் போனார், கொட்டகையிலிருந்து, கேமராவை அணைத்துவைத்து.

"மதுமதி, மைக்கை ம்யூட்ல போடுங்க. என்ன அங்க, ஒரே கோழிச் சத்தம்?"

மற்ற பிள்ளைகள் 'எஸ் மிஸ்' என்று தட்டும்போது இவர் 'சரிங்க' என்று தட்டினார்.

மதியம் சோற்றுக்கு வந்து, காதில் விழுந்ததையெல்லாம் மகளின் முதுகிடம் ஒப்பிப்பார். ஒருநாள், "ரத்தம் நுரையீரலுக்குப் போயி சுத்தமாகி, அப்பிடியே நேரா ஒடம்புக்குப் போயிருதாமா" என்றார்.

"நேராப் போகாதுங்கப்பா" என்றது முதுகு. "திருப்பி இதயத்துக்கு வந்துதான் போகும்."

(தெரிந்தே தப்பாகச் சொன்னாரா? அப்படி எழுதினால் அவர் ஞானத் தகப்பன் ஆகிவிடுவார். கதைகளில் அவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். இல்லை, இவருக்கு நிஜமாகவே புரியவில்லை.)

மறுநாள் முதல் அம்மாவின் போனில், அம்மா பெயரிலேயே, மதுமதியும் வகுப்புக்குள் வந்தாள். படுத்தபடி கேட்டாள். முகம் மட்டும் காட்டவில்லை.

4

செய்முறைத் தேர்வுக்கு முன் எல்லோரும் முகம் காட்ட வேண்டும், காட்டாதவர் பெயர் பட்டியலில் இருக்காது என்று அறிவித்தார் டீச்சர்.

"மதுமதி, கேமராவை ஆன் பண்ணுங்க."

கொட்டகை தோட்டத்தின் கடைக்கோடியில் இருந்தது, மகளைக் கூப்பிட வீடு எட்டாது. மோகன்குமார் கேமராவைப் போட்டார். மீசையில் தீவனத் தூசி; பின்னால் கூண்டு கூண்டாகக் கோழிகள்.

"மிஸ்ஸுங்க, நான் மதுமதியோட அப்பனுங்க. இத்தன நாளா நாந்தானுங்க வந்துட்டிருந்தது. புள்ளையும் கேட்டுட்டுத்தான் இருக்குது. மொகத்தக் காட்டத்தான்... பேர மட்டும் எடுத்துராதீங்க."

யாரோ மைக்கைத் திறந்து சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. வீட்டில் படுத்திருந்தவளுக்கும் அது கேட்டது.

முடிவு அ: மதுமதி கொட்டகைக்கு ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில்... மாதக்கணக்கில் வாசல் தாண்டாதவளை என்னால் ஓடவைக்க முடியவில்லை.

முடிவு ஆ: டீச்சரின் கண்கள் கலங்க... வேண்டாம்.

முடிவு இ, நான் நம்புவது: 'சாந்தாமணி' என்றிருந்த கட்டத்தில் வெளிச்சம் வந்தது. சீவாத தலை, கூசும் கண்கள்.

"நாந்தான் மதுமதி. எங்கப்பாவப் பாத்து யாரும் சிரிக்க வேண்டாம்." மூச்சு வாங்கினாள். "மிஸ், பாடத்த நடத்துங்க."

சிரிப்பு நின்றது. டீச்சர் பாடத்தை நடத்தினார்.

5

அவள் பரீட்சை எழுதினாள். தேறினாள், வேதியியலில் மட்டும் இரண்டாம் முறை. இதில் மாற்று முடிவு கிடையாது. இதை நீங்கள் மாற்றவும் முடியாது.

எனக்குச் சிக்கல் வேறிடத்தில், கேமராவைப் போட்ட நாளுக்கும் பரீட்சைக்கும் நடுவில். அப்போது மதுமதி தனியாகவே வகுப்புக்குப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டு. மோகன்குமார் காதில் ஒன்றும் மாட்டாமல் முட்டை பொறுக்கினார். அவருக்குப் பாடம் சிறுநீரகத்தின் பாதியில் நின்றுபோயிருந்தது. ஒரு மதியம், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார்:

"இன்னைக்கு என்ன பாடம் சாமி?"

"உங்களுக்கு எதுக்குங்கப்பா அதெல்லாம்?"

இதை அவள் எந்தக் குரலில் சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. 'சிரித்தபடி' என்று சேர்த்தேன், எடுத்தேன். 'எரிச்சலோடு' என்று போட்டேன், அதையும் எடுத்தேன். அச்சில் குரல் இல்லை. உங்கள் வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அது எப்படி விழுகிறதோ, அதைப் பொறுத்து மோகன்குமார் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார், அல்லது கை கழுவ எழுந்துவிடுவார்.