நோவுக் கை

பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்த உடம்பின் வலது கையைத் துலுக்காணம் தூக்கினான். அக்குளில் சீயக்காய் தேய்க்கத்தான். கை ஒரு தடையுமில்லாமல் தலைக்கு மேலே போயிற்று.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற கன்னியம்மாவுக்கு, "ஐயோ, மெதுவா" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது. புருஷன் தேசப்பனின் அந்தக் கை மேலே போய் அவள் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. ஜுரத்தில் கிடந்தவனுக்கு அன்று காலைதான் உயிர் போயிருந்தது.

அவளுடைய அண்ணன் அரசப்பனும் பார்த்தான்.

"இன்னாடா இது! உசுரோட இருக்கசொல்ல மாருக்கு மேல வராத கையி. இப்போ பாரு, கொடி ஏத்தறாப்பல போவுது."

"சும்மா இருண்ணே, இந்த நேரத்துல," என்றான் துலுக்காணம். தேசப்பனோடு மில்லில் அதே வேலை பார்த்தவன்.

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? மில்லுல சேத்து வுட்டவன் நானு. 'ஒன் மச்சான் நாடகத்துல சேரலாமே'ன்னு மேஸ்திரி என் மூஞ்சிக்கு நேரா கேட்டான். யாருக்கு பேஜாரு?"

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் தேசப்பனுக்குக் கொறடு பிடிக்கிற வேலை. உருளைகளுக்கு நடுவிலிருந்து செக்கச்செவேலென்று பாய்ந்துவரும் கம்பியைக் கொறடால் கவ்வி, உடம்பை ஒரு திருப்புத் திருப்பி, அடுத்த உருளைக்குள் நுழைக்க வேண்டும். ஷிப்டு முழுக்க அதே திருப்பல்தான். முதலில் தோள் குத்துகிறது என்றான். பிறகு சோறு வாய்க்கு வராமல், வாய் சோற்றுக்குக் குனிந்தது. ஒருநாள் கொறடு நழுவி, கம்பி பக்கத்தில் நின்றவன் காலடியில் போய் விழுந்ததும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கம்பெனி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். ஊரே எலும்பின் பக்கம் போய்விட்டது. கன்னியம்மா மட்டும் தோளின் பக்கம் நின்றாள். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். கிளம்புமுன் தினமும் அவனுக்குச் சட்டை போட்டுவிட்டாள்.

ஒருமுறை மகள் சின்னப்பொண்ணு கிணற்றுச் சுவரில் ஏறியபோது, அந்தக் கைதான் பாய்ந்துபோய்ப் பிள்ளையைப் பிடித்து இழுத்தது. அதற்கப்புறம் அவன் வேலியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அதைக் கன்னியம்மா யாரிடமும் சொல்லவில்லை. கேட்பவர்கள் கையைத்தான் பிடித்துக்கொள்வார்கள், வாந்தியை விட்டுவிடுவார்கள். இன்று அவளுக்கே கைதான் முன்னால் வந்து நின்றது. அப்படியானால் அந்த வாந்தி? காலையில் சட்டைக்குள் கை நுழையும்போது பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொள்வானே, அது? ஒரு மனுஷன் எத்தனை காலைக்கு வலியை நடிப்பான்? செத்தவன்மேல் கோபப்படலாமா என்று தெரியவில்லை. வயிற்றில் இருப்பது கோபமா, பசியா என்பதும் தெரியவில்லை.

"துலுக்காணம், ஒனக்குத் தோளு நோவுதா?" என்றாள் திடீரென்று.

"எனக்கா?" அவன் அரசப்பனை ஒரு பார்வை பார்த்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. நல்லாத்தான் கீறேன்."

சொல்லிவிட்டுச் செம்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு தண்ணீரை ஊற்றினான்.

உடம்பைத் துவட்டி வேட்டி கட்டினார்கள். அரசப்பன் தான் வாங்கிவந்த புதுச்சட்டையைப் பிரித்து உதறினான். "முதுகுல வெட்டத் தேவயில்ல. கையிதான் நல்லா வளையுதே, அப்டியே மாட்டிடலாம்," என்று இடது கையை எடுத்தான்.

கன்னியம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"குடுண்ணா."

"நீ இன்னாத்துக்கு? ஆம்பளைங்க பாத்துக்கினு இருக்கறோம் இல்ல?"

"குடு. மொதல்ல நோவுற கையி."

அரசப்பன் ஏதோ சொல்லப்போனான். துலுக்காணம் சட்டையை அவன் கையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினான்.

வலது சட்டைக்கையை வளையல்போலச் சுருட்டிக்கொண்டாள். அதற்குள் தன் கையை விட்டுப் புருஷனின் விரல்களைப் பிடித்தாள். கையைத் தூக்கவில்லை, சட்டையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினாள். முழங்கையைத் தாண்டித் தோளுக்குக் கீழே வந்ததும், தினமும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள்.

"இன்னா கன்னிமா, நேரம் ஆவுது," என்றான் அரசப்பன்.

புருஷன் பிடித்த மூச்சை விடட்டும் என்று அவள் காத்திருந்தாள்.