முதல் சுமை

கல் நடும் நாளுக்கு முந்தின மாலையே இராமலட்சுமியின் மாமனார் செல்லச்சாமி ஆளனுப்பிவிட்டார். பிறந்த வீட்டுச் சுமைதான் முதலில் இறங்க வேண்டுமாம். பாலம்மாள் காலையிலேயே பழம் சுமக்கும் ஓலைக் கடகத்தோடு வந்துவிட வேண்டுமாம்.

வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளுக்குச் சாலையோரத்தில் சுமைதாங்கி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைத் தலையுயரத்துக்குக் கிடத்துவார்கள். வழிப்போக்கர் யாராவது தலைச்சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கும்போதெல்லாம், இறக்காமலே போன அவளுடைய சுமையும் கொஞ்சம் குறையும் என்று நம்பினார்கள். முதல் சுமையை அவளுடைய ரத்த உறவு வைக்காவிட்டால், அல்லது தன் வாயால் வைக்கச் சொல்லாவிட்டால், அது வெறும் கல்தான்.

செத்துப்போன இராமலட்சுமிக்கு அப்படி மிஞ்சியிருந்தவள் அக்கா பாலம்மாள் ஒருத்தி. குற்றாலத்தில் தோப்புக் காவல் பார்க்கும் மாடனின் பெண்டாட்டி. மங்குஸ்தானும் பலாவும் சுமந்து தென்காசிச் சந்தைக்கு விற்கப் போகிறவள். தங்கையைக் கட்டிக்கொடுத்த மேலகரம் வழியில்தான் இருந்தது. இராமலட்சுமி இடுப்புவலியில் கிடந்த மூன்று நாளும் பாலம்மாள் அந்தச் சாலையில் போனாள், வந்தாள். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. பின்தெருவில் தங்கை கிடக்கிறாள் என்று ஒருவரும் ஓடி வந்து சொல்லவில்லை. நாலாம் நாள் சொன்னபோது எரித்து முடித்திருந்தார்கள்.

என்ன நடந்தது என்பதை ஒன்பதாம் நாள் மருத்துவச்சி மாடத்தி சாலையில் நிறுத்திச் சொன்னாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. முதல் நாள் சாயங்காலமே அவள், இது என் கைக்கு அடங்காது, தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள். இராமலட்சுமியும் வண்டியைப் பூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். செல்லச்சாமியோ, வாய்க்காலில் இப்போதுதான் தண்ணீர் விட்டிருக்கிறது, நம் முறை மூன்று நாள்தான், பகலெல்லாம் உழுத மாட்டை ராத்திரி வண்டியில் பூட்டினால் காலையில் எழுந்திருக்காது என்றார். பெண்பிள்ளைகள் பெறாத பிள்ளையா என்றும் கேட்டார்.

தென்காசி அங்கிருந்து இரண்டு மைல்.

பதினாறாம் நாள் காலையில் பாலம்மாள் வந்தாள். கடகத்தில் இரண்டு பலாப்பழம், மேலே மங்குஸ்தான். கல்லுக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, தேங்காய் உடைக்கத் தயாராக நின்றார்கள். வீரகேரளம்புதூரிலிருந்து இரண்டு பேர் புது வேட்டியில் வந்திருந்தார்கள். இராமலட்சுமியின் புருஷன் ஆவுடையப்பனுக்கு இரண்டாம் தாரமாகப் பெண் கொடுக்க இருப்பவர்கள் என்பதும், முதல் தாரத்துக்காரி அடங்கினாளா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்பதும் பாலம்மாளுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஆவுடையப்பன் தகப்பனுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கல் நல்ல கல். கொத்தனும் நன்றாகக் கொத்தியிருந்தான். பலகையில் எழுத்துகூட வெட்டியிருந்தது.

"கல்லு எதுல வந்துச்சு மாமா?" என்று கேட்டாள்.

"நம்ம வண்டியிலதான். பாறைக்குழிக்குப் போயிட்டு வர ஒரு பகல் முழுக்க ஆச்சு."

"மாட்டுக்கு வேல இல்லியோ?"

"அதான் உழவு முடிஞ்சிட்டுல்லா" என்றார் செல்லச்சாமி. சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

எதிரே பீடிக்கடை வைத்திருந்த யாக்கூபைக் கூப்பிட்டு, அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று கேட்டாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேலகரம் செல்லச்சாமி உபயம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு என்று படித்தார். அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குள் போய்விட்டார்.

நேரம் தப்புகிறது, சுமையை வை என்றார் செல்லச்சாமி. பாலம்மாள் கடகத்தைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

"வைக்கேன். ஆனா இது ஆஸ்பத்திரி வாசல்லேருந்து வரட்டும். உங்க வீட்டு ஆம்பள ஒருத்தர் அங்கனேருந்து இதத் தலையில தூக்கியாரட்டும். பொறவு நானே வைக்கச் சொல்லுதேன்."

"பழக்காரி கடகத்த நாங்க சொமக்கவா? ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா?"

"சொமக்க வேண்டாம். கல்லு வெறுங்கல்லாவே கெடக்கட்டும்."

கூட்டத்தில் இருந்த பெண்கள் நெருங்கி வந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்து, இவர்கள் மேல் உள்ள கோபத்தைச் செத்தவள் மேல் காட்டலாமா, நீ நிற்கிற ஒவ்வொரு நாழிகையும் அவள்தானே சுமந்துகொண்டு தவிப்பாள் என்றாள். அது பாலம்மாளைச் சரியான இடத்தில் குத்தியது. அவளும் அதை நம்புகிறவள்தான். கழுத்து வலித்தது, தங்கைக்கும் வலிக்கும் என்றுதான் நினைத்தாள். ஒரு கை கடகத்து விளிம்புக்குப் போய்விட்டது. இப்போது இறக்கினால் இவர்களுக்கு எல்லாம் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள். கையை எடுத்துக்கொண்டாள்.

வீரகேரளம்புதூர்க்காரர்களில் மூத்தவர் மெதுவாக, அது என்ன ஆஸ்பத்திரிக் கதை என்று கேட்டார்.  கூட்டத்தில் நின்ற மருத்துவச்சி மாடத்தி வாயைத் திறந்தாள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவள் சொல்லி முடிக்குமுன் ஆவுடையப்பன் முன்னால் வந்து, நான் தூக்கிட்டு வாரேன் என்றான்.

"ஏலே, காலெடுத்து வச்சே, வீட்டுக்குள்ள வராத" என்றார் தகப்பன். அவன் நடந்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வாசல்வரை பாலம்மாளே சுமந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். வாசலில் சும்மாட்டை அவன் தலையில் வைத்துக் கடகத்தை ஏற்றினாள். கதிர்க்கட்டு சுமந்தவனுக்கு அது பெரிய பாரம் இல்லை. ஆனால் சந்தைக்குப் போகிற சனமெல்லாம் நின்று பார்த்தது. தெரிந்தவர்கள் சிலர், என்ன ஆவுடையப்பா, பழ வியாபாரத்தில் இறங்கிட்டியா என்று சிரித்தார்கள். பாலம்மாள் அவனுக்குப் பத்தடி பின்னால், கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

ஊர் தாண்டியதும் அவனாகவே பேசினான்.

"நான் அய்யாட்ட சொன்னேன் மைனி. ரெண்டாம் நாளு சொன்னேன்."

"ராத்திரி மாடு எங்க கெட்டிக் கெடந்துச்சு?"

"தொழுவுல."

"வண்டி?"

அவன் கடகத்து விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "வாசல்லதான்."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவன் அழுவான், அழுதால் தனக்கு இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்தாள். முன்னால் அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். இந்தச் சாலையில் ஒரு பள்ளம் உண்டா, ஏற்றம் உண்டா? கண்ணை மூடிக்கொண்டு மாடு போகும். நடந்தே முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கல்லடியில் கூட்டம் கலைந்திருந்தது. வீரகேரளம்புதூர்க்காரர்கள் சாப்பிடாமலே போய்விட்டார்கள் என்று யாக்கூப் சொன்னார். செல்லச்சாமி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். மாடத்தி மட்டும் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் கல்லின் முன்னால் நின்றான். சுமையோடேயே நின்றான்.

"எறக்கும்" என்றாள் பாலம்மாள்.

அவன் கடகத்தைப் பலகைமேல் தள்ளினான். மாடத்தி தேங்காயை உடைத்தாள். பாலம்மாள் ஈரக் கல்மேல் உள்ளங்கையை வைத்து, "லெச்சுமி, எறக்கிட்டுப் போ தாயீ" என்றாள்.  பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மாட்டைச் சுருட்டினாள்.

"மைனி, பதினாறாம் நாள் சோறு. வீட்டுக்கு வந்து ஒரு வாயி சாப்பிட்டுட்டுப் போங்க."

"வண்டி இன்னும் அந்த வாசல்லதான நிக்கி" என்றாள்.

அவன் உதவிக்கு நீட்டிய கையை விலக்கிவிட்டு, தலையைக் கொடுத்துக் கல்லிலிருந்தே கடகத்தை வாங்கிக்கொண்டாள். மேலே இருந்த மங்குஸ்தானில் பாதி நசுங்கியிருந்தது. சந்தை கலைவதற்குள் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு இரண்டாவது தடவையாகத் தென்காசியைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.