மஞ்சள் நோட்டீஸில் ஒரு காலி வரி

திவாலாகி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால், கடன் கொடுத்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். தெருவுக்கு நாலு பேர் அப்படி நிற்கிறார்கள். சிலர் தலையில் காக்கை உட்கார்ந்திருக்கும்.

என் பனியன் கம்பெனி மூழ்கியதும் நானும் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே நடைபாதை குட்டையாகத்தான் தெரிந்தது. நடக்க நடக்க நீண்டது. கடைசியில் ஒரு ஜன்னல். உள்ளே சீலும் கையுமாக ஒரு குமாஸ்தா அம்மாள்.

"கடன் குடுத்தவங்க பேரெல்லாம் எழுதுங்க. உட்டுப்போனா அவங்க நடப்பாங்க."

நூல்கடை நாச்சிமுத்து. சாயப்பட்டறை அருக்காணி. பைனான்ஸ் வேலுச்சாமி. அன்று வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் பெயரை நன்றாக அழுத்தி எழுதினேன்.

"கடைசி வரி காலியா இருக்குதுங்க."

"அவ்வளவுதானுங்க."

"காலி வரி இருந்தா சீல் கிடையாதுங்க."

யோசித்தேன். பிறந்த வீட்டில் போட்ட நகையை என் மனைவி கோகிலவாணி கழற்றித் தந்திருந்தாள். அதில்தான் முதல் மிஷின் வாங்கினேன். நான் திருப்பித் தரவில்லை. அவளும் கேட்டதில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவள் பெயரை எழுதினேன்.

சீல் விழுந்தது. சட்டைப்பையில் அலறிக்கொண்டிருந்த போன் பாதி மணியில் நின்றது.

நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நாச்சிமுத்து ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். கூடத்தில் அருக்காணி வாய் திறந்து நின்றார். வசவு நாக்கிலேயே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவருக்கு ஒரு கும்பிடுகூடப் போட்டேன்.

அடுக்களையில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அடுப்பு எனக்குக் கடன் கொடுத்ததில்லை. கரண்டியோடு கோகிலா நின்றாள். என்னை "ஏனுங்க" என்று கூப்பிட வாயெடுத்திருக்கிறாள். "ஏனு" என்ற சத்தம் மட்டும் தோசைக்கல்லுக்கு மேலே நின்றது.

அவளுக்குப் பின்னால் வேலுச்சாமி. அவன் விரல்கள் அவளுடைய தாலிக்கொடிக்கு ஒரு நூல் தள்ளி நின்றன.

அவனைத் தள்ளினேன். அசையவில்லை. அவளை இழுத்தேன். அவளும் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோர்ட்டுக்கு ஓடத் திரும்பினேன். தேவைப்படவில்லை. நடைபாதை நீண்டு எங்கள் அடுக்களை வரை வந்திருந்தது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல்.

"எம் பொண்டாட்டி பேரை மட்டும் அடிச்சிருங்கம்மா."

"கடன் வேண்டாம்னு அவங்க வாயால சொல்லோணுங்க."

"அவ வாயே நின்னு போச்சுங்களே!"

"அப்ப நோட்டீஸை வாபஸ் வாங்கிக்குங்க. எல்லாரும் நடப்பாங்க."

"எல்லாருமுங்களா?"

"அந்த வெரலும்தானுங்க."

அடுப்பை அணைத்தேன். வாபஸ் தாளில் கையெழுத்துப் போட்டேன். பிறகு குனிந்து, அவள் கழுத்துக்கும் அவன் விரல்களுக்கும் நடுவே இருந்த ஒரு நூல் இடத்தில் என் கழுத்தை நுழைத்தேன். நுழைந்தது.

"அடிக்கட்டுங்களா?"

"அடிங்க."

சீல் இறங்கியது. வாசலில் நாச்சிமுத்துவின் கால் தரையைத் தொட்டது. கூடத்தில் வசவு முழுசாக வந்தது. விரல்கள் என் கழுத்தில் இறுகின.

"ங்க," என்றாள் கோகிலா.