நாற்பத்தாறாம் இலக்கத்து விருந்து

சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் செவன் கிங்ஸில் நாற்பத்தாறாம் இலக்க வீட்டு முன்வாசலில் இந்தோனேசியாவில் சுலாவேசித் தீவின் லவேரு கிராமம் வந்து இறங்கியது. முழுக் கிராமமும் அல்ல. இரண்டு கார் நிறுத்துகிற சிமெந்துத் தரையில் நாற்பத்தொரு வீடுகளுக்கு இடம் ஏது? வந்தது சனமும் அவர்களுடைய அன்றாட வேலைகளும்தான். பெண்கள் பாய் விரித்துக் கராம்பு காயப் போட்டார்கள். ஒருவன் காரின் முன்மூடியில் கிழிந்த மீன்வலையைப் பரப்பிவைத்துத் தைத்தான். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் குந்தியிருந்து தேங்காய் துருவினார். எட்டுக் கோழிகளும் மூன்று ஆடுகளும் ரோசாச் செடிகளை மேய்ந்து முடித்தன. காலை பதினொரு மணிக்கு அவர்களுக்குப் பொழுதுபட்டது. தெரு முழுக்க வெயில் எறிக்க, அந்த ஒரு முன்வாசலில் மட்டும் இருட்டியது. தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்டது. பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு விளக்கேற்றினார்கள். மழையும் அவர்களுடையதே. நாற்பத்தாறில் ஓடு பிய்கிற மாதிரிக் கொட்டும்போது நாற்பத்தெட்டில் காயப்போட்ட துணி மொரமொரவென்று காய்ந்தது. இரவு பத்து மணிக்குச் சேவல் கூவியது.

அந்த வீட்டுக்காரர் பெயர் விஜயரத்தினம். கோயில் திருவிழாவில் முதல் வரிசை, கலியாண வீட்டில் மேடைக்குப் பக்கத்துக் கதிரை, செத்த வீட்டில் இரங்கல் உரை என்று ஊரே 'அவர்' போட்டுப் பேசுகிற ஆள். நகுலேஸ்வரி மட்டும் மனதுக்குள் 'அவன்' என்றாள். இந்தக் கதை நகுலேஸ்வரியின் பக்கத்தில் நிற்கிற கதை என்பதால் இங்கேயும் அவன்தான். வேண்டுமானால் கோபித்துக்கொள்ளட்டும்.

நகுலேஸ்வரி பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தாள். விடியற்காலையில் இடியப்பம் பிழிவாள், பிறகு வடை சுடுவாள், மத்தியானம் சோறு கறி கட்டிக் கொடுப்பாள். வாய் திறந்து அதிகம் பேசமாட்டாள். அவள் லண்டனுக்கு வந்தது சமைக்க அல்ல, ஒரு ஆளைத் தேடி. ஏழு வருஷம் நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் நின்று, அந்த நாட்டுப் பாஸ்போட் கைக்கு வந்த மாதத்தில், யாரோ அனுப்பிய திருவிழாப் படத்தில் தேர்வடத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிய விஜயரத்தினத்தைக் கண்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்து நாலரை வருஷமாக அவனுக்கு வடை சுட்டுக் கொடுத்தாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல்.

இலங்கையில் யுத்தம் முடிந்த வருஷம், அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றுகிறேன் என்று இருபத்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் லவேருக் கடற்கரையில் இறக்கியவன் இந்த விஜயரத்தினம். அந்த இருபத்து மூன்றில் நகுலேஸ்வரியும் இருந்தாள், அவளுடைய புருஷன் ஞானேஸ்வரனும் இருந்தான். விஜயரத்தினம் வள்ளத்தை விட்டு இறங்காமலே சொன்னான்: "ரெண்டு நாளிலை ஆள் வரும். சாமானைக் கட்டி வையுங்கோ." அவ்வளவுதான். வள்ளம் திரும்பியது. பிறகு அவனுடைய தொலைபேசிக்கு மணியே போகவில்லை. அந்தக் கிராமத்துக்கு ரோட்டும் இல்லை. மாதம் ஒருமுறை வரும் கொப்பராப் படகு இந்தச் சனத்தைக் கண்டால் ஏற்றப் பயந்து ஓடியது. ஞானேஸ்வரன் தினமும் விடிய எழும்பிப் பையைக் கட்டி, அதைத் தலைமாட்டில் அல்ல, கடற்கரையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு குந்தியிருப்பான். பகல் முழுக்கக் குந்தியிருப்பான். பதினாலாம் மாதம் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள், கட்டின பை கட்டினபடி இருக்க, அவன் போய்விட்டான். லவேருச் சனம் கராம்புத் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டி, அவன் தலைமாட்டில் ஒரு கராம்புக் கன்றை நட்டது.

அந்தச் சனத்தைப் பற்றி நகுலேஸ்வரி ஒரு குறைகூடச் சொல்ல மாட்டாள். யாரென்று தெரியாத இருபத்து மூன்று பேருக்கு, அகதிகளுக்கான ஐ.நா. ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை, மூன்று வருஷம் சோறு போட்டவர்கள். ரொஸ்னா என்றொருத்தி தன் வீட்டில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தாள். நகுலேஸ்வரி அவளோடு மரவள்ளி கிண்டினாள், மீன் கருவாடு போட்டாள், மழை இருட்டினால் ஓடிப்போய்க் கராம்புப் பாய்களை இழுத்தாள், அவர்களுடைய பாசையைத் திட்டு வாங்கியே பழகினாள். ஒருமுறை கடல் கரையை அரித்துக்கொண்டு வந்தபோது ரொஸ்னாவின் வீட்டை இடம் மாற்ற வேண்டி வந்தது. அங்கே வீட்டை உடைப்பதில்லை, தூக்குவார்கள். அதற்கு உதவி என்று யாரும் வாயால் கேட்பதும் இல்லை. வீட்டுக்காரர் தன் வாசலில் ஊருக்குச் சோறு போட வேண்டும், சாப்பாடுதான் விண்ணப்பம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிவிட்டு, வீட்டுக்கடியில் மூங்கில் கட்டி, தோள் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுத் தூக்காமல் போவது லவேருவில் நடக்காத காரியம். எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதைச் சமைத்தவள் சொல்வாள். அன்றைக்கு ஞானேஸ்வரனும் தோள் கொடுத்தான். தோள் வீங்கி வந்து நின்று சிரித்தான். அந்தக் கரையில் அவன் சிரித்து அவள் கண்டது அந்த ஒரு நாள்தான்.

இந்தச் சித்திரையில் ஒரு வியாழக்கிழமை, கடையில் வடைக்கு நின்ற விஜயரத்தினத்திடம் நகுலேஸ்வரி முதன்முறையாக வாய் திறந்தாள். "அண்ணை, நீங்கள் இந்தோனேசியாப் பக்கம் போனனீங்களோ? நான் அங்கை மூண்டு வருஷம் இருந்தனான்." அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஓம் தங்கச்சி, பாலிக்கு. குடும்பத்தோடை ஹொலிடே. நல்ல இடம், நல்ல சனம்," என்று சொல்லி, சட்னி கொஞ்சம் கூடப் போடச் சொன்னான். அவள் கூடத்தான் போட்டாள். அவன் பாலி என்று சொன்னது வியாழக்கிழமை. கிராமம் வந்து இறங்கியது அடுத்த செவ்வாய்க்கிழமை. இடையில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. நாலு நாள் இரவும் பகலும் வயிறெரிந்தாள்.

விஜயரத்தினம் கவுன்சிலுக்கு அறிவித்தான். ஒரு பெண் வந்து அளந்து பார்த்து, நடைபாதையில் பாய் முட்டக் கூடாது, ஒரு முழம் உள்ளே இழுங்கள் என்றாள். இழுத்தார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஒட்டு வீட்டில் இருக்கும் ஆதித்யா என்ற சென்னைப் பொடியன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், கராம்பு வாசனையில் தன்னுடைய மூக்கடைப்பு போய்விட்டது என்று சந்தோஷப்பட்டான். விஜயரத்தினத்தின் மனைவி அருமைநாயகி மட்டும், ஆடு ஒன்று வரவேற்பறைக் கதிரையில் ஏறிப் படுத்த அன்று, கைப்பையை எடுத்துக்கொண்டு ஹவுன்ஸ்லோவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். "இதுகள் உங்களைத் தேடித்தான் வந்திருக்குதுகள், எனக்குத் தெரியும்," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முப்பது வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

மூன்றாவது வாரம் விஜயரத்தினம் கடைக்கு வந்தான். சவரம் செய்யவில்லை, சட்டையில் கோழி எச்சம். "தங்கச்சி, உனக்கு அதுகளின்ரை பாசை தெரியுமல்லோ. ஒருக்கால் வந்து என்ன வேணுமெண்டு கேள், பிள்ளை. என்னாலை ஏலாது." நகுலேஸ்வரி மாக்கையைக் கழுவிவிட்டு அவனுடைய காரிலேயே ஏறிப் போனாள்.

பாயில் கராம்பை அளைந்துகொண்டிருந்த ரொஸ்னா நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கண்டவள், நேற்றுத்தான் பிரிந்த மாதிரி, "மெலிந்து போனாய்," என்று தன் பாசையில் திட்டினாள். பிறகு, ஞானேஸ்வரன் தலைமாட்டு மரம் இரண்டு தரம் பூத்துவிட்டது என்றாள். நகுலேஸ்வரி அந்தச் சிமெந்துத் தரையில் குந்தியிருந்து, ஒரு பிடி கராம்பை முகத்தோடு அழுத்திக்கொண்டு, ஓவென்று அழுதாள். விஜயரத்தினம் யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழும்பி வந்தாள். இவ்வளவு காலமும் அவள் தேடியது அவனுடைய வாயிலிருந்து ஒரே ஒரு சொல். ஓம், நான்தான் விட்டுவிட்டுப் போனேன் என்று ஒரு தரம் சொன்னால், திரும்பிப் போய்விடலாம் என்று அந்த நிமிஷத்தில் அவள் உண்மையாகவே நினைத்தாள்.

"அண்ணை, வடிவாய்ப் பாருங்கோ. இந்தச் சனத்தை எங்கையும் கண்ட ஞாபகம் இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. சாமி சத்தியமாய் இல்லை."

"ஞானேஸ்வரன் எண்டு ஒரு ஆளை?"

"ஆரது?"

யாரது என்று கேட்டான், பாவி. திரும்பிப் போகிற நினைப்பை நகுலேஸ்வரி அதோடு விட்டாள். பிறகு அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. "அவை பசியோடை வந்திருக்கினம், அண்ணை. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து உங்கடை கையாலை சோறு போடுங்கோ. வயிறு நிறைஞ்சால் வந்த வேலையை முடிச்சுக்கொண்டு போயிடுவினம்." அன்னதானம் தானே, கோயிலில் செய்யாததா என்று விஜயரத்தினத்துக்கு முகம் மலர்ந்தது. சமையலையும் அவளிடமே ஒப்படைத்தான்.

வெள்ளிக்கிழமை விடிய, கடை வேனில் அலுமினியத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு நகுலேஸ்வரி வந்தாள். தன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாகச் சமைத்ததில்லை. புளி விட்டு மீன் குழம்பு, தேங்காய்ப் பாலில் கோழி, மரவள்ளி இலைச் சுண்டல், வாழையிலையில் மடித்து அவித்த வாழைப்பழக் களி. லண்டனில் காலை ஆறு மணி. அவர்களுக்குத் தொழுகை முடிந்த மத்தியானம். எண்பத்து மூன்று ஆண்கள் வரிசையாக அமர்ந்தார்கள். விஜயரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டி, தானே அகப்பையைப் பிடித்து, போதுமோ, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று உபசரித்துப் பரிமாறினான். அதைப் படமும் எடுத்துக் கோயில் ஆட்களுக்கு அனுப்பினான். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவினார்கள். பின்பு மூங்கில்கள் வந்தன. செங்கல் வீட்டுக்கு அடியில் மூங்கில் நுழையாது என்று படித்தவர்கள் சொல்லலாம், நுழைந்தது. ஊர்ப் பெரியவர் நகுலேஸ்வரியிடம் வந்து, எங்கே என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "நாங்கள் பை கட்டி வைத்துக்கொண்டு குந்தியிருந்த இடத்தில்," என்று அவர்களுடைய பாசையில் சொன்னாள். பெரியவர் தலையாட்டினார். ஆட்களை வெளியே இறங்கச் சொல்வது அவர்கள் வழக்கம் என்பதால், அவள் அதையும் விஜயரத்தினத்துக்குச் சொன்னாள். "அண்ணை, வீட்டைத் தூக்கப் போயினம். வாசலை விட்டு இறங்கி நில்லுங்கோ." அவன் உள்ளே ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டு, யன்னலால் கத்தினான்: "இது என்ரை வீடு! நான் இறங்கமாட்டன்! எவன் தூக்குறான் பாப்பம்!"

தூக்கினார்கள். ஒரு குரல் கணக்குச் சொல்ல, எண்பத்து மூன்று தோள்கள் ஒன்றாக எழும்பின. பாண் ரொட்டியில் ஒரு துண்டு கழன்று வருகிற மாதிரி வீடு ஒட்டு வீட்டிலிருந்து கழன்றது. ஆதித்யா பல் துலக்கும் பிரஷோடு ஓடி வந்து, "எங்க சுவரு பத்திரமா இருக்குல்ல?" என்று தடவிப் பார்த்தான். இருந்தது. பிரதான ரோட்டில் பஸ்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையசைத்தார்கள். மேல்மாடி யன்னலில் விஜயரத்தினம் பொலிஸுக்குப் போன் அடித்துக்கொண்டு போனான். முகவரி கேட்டார்கள், அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கத்து ஆற்றங்கரைவரை நகுலேஸ்வரி கூடவே நடந்தாள். அதற்கப்பால் அவர்களுக்கு வழி தெரியும்.

செவன் கிங்ஸில் நாற்பத்து நாலுக்கும் நாற்பத்தெட்டுக்கும் இடையில் இப்போது வெறும் தரை. கராம்புக் கன்றுகள் இரண்டு தாமாக முளைத்திருக்கின்றன. தபால்காரர் கடிதங்களை அங்கே ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டுப் போகிறார். லவேருக் கடற்கரையில், அலை வந்து தொட்டும் தொடாமலும் திரும்புகிற இடத்தில், பித்தளையில் நாற்பத்தாறு என்று எழுதிய கதவோடு ஒரு செங்கல் வீடு நிற்கிறது. ரொஸ்னா தினமும் ஒரு கோப்பையில் சோறு கொண்டுபோய் வைக்கிறாள். கொப்பராப் படகு மாதம் ஒருமுறை வருகிறது. அவனைக் கண்டால் ஏற்றாமல் ஓடுகிறது.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன் வந்தது. விருந்தன்று அந்த வீட்டுக்குள் விட்ட தட்டொன்றின் மூடியில் கடை இலக்கம் ஒட்டியிருந்திருக்கிறது. விஜயரத்தினம்தான். "தங்கச்சி, எனக்கு ஞாபகம் வந்திட்டுது. நீ ஞானேஸ்வரன்ரை பெஞ்சாதி. ஓம், நான்தான் விட்டிட்டு வந்தனான். இருபத்து மூண்டு பேரையும் நான்தான் விட்டிட்டு வந்தனான். காலிலை விழுறன் பிள்ளை, ஆரையாவது அனுப்பு." பதினைந்து வருஷம் காத்திருந்த சொல் கடைசியில் வந்துவிட்டது. நகுலேஸ்வரி அதை முழுவதும் கேட்டாள். உள்ளே ஏதாவது இளகுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். இல்லை.

"ரெண்டு நாளிலை ஆள் வரும், அண்ணை," என்றாள். "சாமானைக் கட்டி வையுங்கோ."

போனை வைத்துவிட்டு, எண்ணெய் காய்ந்துவிட்டதென்று வடையைத் தட்டிப் போட்டாள். இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை அவன் மறுபடியும் எடுத்தான். அவளும் அதையே சொன்னாள்.