பெஞ்சுக்கு அடியில்

தேவாலயத்தில் பூசை முடிந்து பெஞ்சுகளுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்த கோயில் பணியாளரான கோவில்பிள்ளையின் கை அப்படியே நின்றது. தரையில், ஆண்டவரின் உடலாகவே வணங்கும் வெள்ளை நற்கருணை அப்பம் ஒன்று செருப்புத் தடத்தோடு கிடந்தது. சாமியார் அதை மக்களின் நாவில் வைத்துக் கொடுத்தவரை இப்படி நடந்ததில்லை. கையில் கொடுக்கத் தொடங்கி இது மூன்றாவது ஞாயிறு.

ஓடிப்போய்ப் புதிய பங்குச்சாமியாரிடம் சொன்னார்.

"யாராவது சின்னப்புள்ள தவறவிட்டிருக்கும். நீங்களே எடுத்துட்டு வாங்க. கை என்ன வெந்தா போயிடும்?" என்று சிரித்தார் சாமியார்.

குருவின் கை மட்டுமே தொடவேண்டிய ஆண்டவரைத் தன் கையால் தொட கோவில்பிள்ளைக்குத் துணிவில்லை. திரும்பி வந்து முழங்காலிட்டு, தரையோடு குனிந்து, நாவாலேயே எடுத்தார்.

நிமிரப்போனபோது முன் பெஞ்சின் அடி கண்ணில் பட்டது. அங்கே இரண்டு கிடந்தன. அதற்கும் முன் பெஞ்சின் அடியில் தரையே வெள்ளையாகத் தெரிந்தது.