நீ பேசு

சனிக்கிழமை காலை, சான்டா கிளாராவின் தமிழ்ச் சபையில் நினைவு ஆராதனை. ஜெபினா ஆன்ட்டி ஜெரிஷை வாசலிலேயே மடக்கி இரண்டு தாள்களைக் கையில் திணித்தாள். ரெபெக்காவின் ஜீவிய சரித்திரம். அதைக் குடும்பத்தார் யாராவது வாசிக்க வேண்டும். இந்த நாட்டில் அவளுக்குக் குடும்பம் என்று இருந்தது கணவன் ஜெரிஷ் மட்டும்.

"மேகசின்ல வந்ததெல்லாம் சேத்து டைப் பண்ணியிருக்கேன், மக்களே. ஒரு தடவ பாத்துக்க."

பார்த்தான். நாகர்கோவிலில் பிறப்பு. நியூயார்க்கில் படிப்பு. இருபத்தெட்டு வயதில் ஓபரா இசைநாடக மேடையின் நாயகி. முப்பத்துநாலில், மூளையில் ரத்தக் கசிவு. எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தின் முதல் வரி: 'அவர் வீட்டில் பாட்டு ஓயாது. சமையலறையிலும் பாடிக்கொண்டே இருப்பார்.'

"ஆன்ட்டி, இது வேண்டாம்."

"ஏன்? உலகத்துக்கே தெரிஞ்சதுதான?"

"வீட்டுல அவ பாடினதே இல்ல."

ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினாள். "அத வெளிய சொல்லிராத. சபையிலயும் வாயத் திறக்க மாட்டா. தலைக்கனம்னு நாலு பேர் பேசினாங்க. நானும்தான். போனவளப் பத்தி நல்லதா ஒரு வரி இருந்துட்டுப் போட்டும்."

அந்த வரி இருந்த மேகசின் பேட்டி வந்த அன்று ரெபெக்கா அதைப் படித்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் எழுதினாள்: 'யாருடா இந்தப் பொம்பள?' நிகழ்ச்சி இருக்கும் வாரம் அவள் பேச மாட்டாள். தொண்டைக்கு ஓய்வு. ரசத்தில் உப்பு இல்லை என்பதுகூடப் பலகையில்தான் வரும். கடைசியில் எப்போதும் ஒரே வரி: 'நீ பேசு.' அவன் ஃப்ரீவேயில் டிராஃபிக் என்று தொடங்குவான். ஆபீசில் மீட்டிங் என்பான். ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அவள் மார்க்கரால் அந்த வரியையே மறுபடி தட்டுவாள்.

ஆராதனையில் மைக் முன் நின்று முதல் பக்கத்தைப் பிசகாமல் வாசித்தான். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் நின்றான். இந்த வரியை வாசித்துவிட்டால் அந்தப் பேட்டியில் வந்த பொம்பள மட்டும்தான் மிஞ்சுவாள். அவனோடு ஆறு வருடம் இருந்தவள் எங்குமே இருக்க மாட்டாள்.

பாடகர் வரிசையிலிருந்து ஜெபினா ஆன்ட்டி உதட்டை அசைத்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அவன் தாளை மடித்தான்.

"எங்க வீட்டுல சத்தமே இருக்காது," என்றான். "ஷோ இருக்கிற வாரம் அவ பேச மாட்டா. ஞாயித்துக்கிழமை இங்க பாடாததும் அதனாலதான். மத்தியானம் மேடை இருக்கும். பலகையில 'நீ பேசு'ன்னு எழுதுவா. எனக்குப் பேச வராது."

ஜெபினா ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

மைக்கைப் பிடித்தபடி நின்றான். முன்னால் சட்டமிட்ட படத்தில் மேடை உடையில் அவள்.

"இன்னிக்குக் காலைல," என்று அவளைப் பார்த்துத் தொடங்கினான், "ஃப்ரீவேல செம டிராஃபிக்."