சங்ககிரிக்கு வந்த உப்புமேடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்ககிரி பைபாஸில் ஒரு டீக்கடை. பக்கத்து பெஞ்சில் இருந்த லாரிக்காரர், காலி வண்டியோடு தான் ஊர் திரும்பியதே இல்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். ரிட்டர்ன் லோடு கிடைக்காத ஒரு தடவை, கடலோரத்தில் சும்மா கிடந்த மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாராம். என்ன மண் என்று நான் கேட்பதற்குள் அவருக்கு போன் வந்தது, எழுந்து போய்விட்டார். இனி வருவதெல்லாம் நான் கட்டிய கதை.

கடலுக்கு வெகுதூரத்துப் புதுச்சத்திரத்தில் பிறந்த எனக்குக் கடல் என்றால் பள்ளிக்கூடச் சுற்றுலா, உப்பு என்றால் மளிகைக்கடை பாக்கெட். இந்த லட்சணத்தில் பழங்கால உப்புத் தொழிலின் தொல்லியலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இனி உங்கள் பாடு.

2

தொடக்கம் அ: "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சதுப்பு நிலத்தின் மேல் புகை எழுந்துகொண்டிருந்தது. கருத்த தோள்களில் வியர்வை வழிய..."

வேண்டாம். கருத்த தோளும் வியர்வையும் எல்லாச் சரித்திரக் கதைகளிலும் ஓய்வில்லாமல் உழைத்துவிட்டன. இங்கேயாவது உட்காரட்டும்.

தொடக்கம் ஆ: "தொல்லியல் ஆய்வாளர் ரஞ்சனி அந்த உப்புமேட்டைத் தேடிப் போனபோது, அங்கே ஒரு இறால் குட்டை இருந்தது."

இது பரவாயில்லை. ஆனால் உப்புமேடு என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். பாத்தி கட்டி வெயிலில் உப்பு விளைவிப்பது நாம் அறிந்த முறை. உலகின் வேறு சில கரைகளில், சதுப்பு நிலத்து உவர்நீரை மட்டமான மண்சட்டிகளில் ஊற்றி, அடுப்பில் காய்ச்சியிருக்கிறார்கள். சட்டிக்கு முட்டுக்கொடுக்கக் களிமண்ணைக் கையால் பிசைந்து குட்டையான கால்கள் செய்தார்கள். நீர் வற்றியதும் சட்டியை உடைத்துத்தான் உப்புக்கட்டியை எடுக்க முடியும். உடைந்த சட்டியும் சுட்ட மண்காலும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து செம்மேடாகிவிடும். நம் கரையில் இப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. கதைக்காக நடந்ததென்றே வைத்துக்கொள்வோம். வேதாரண்யத்துக்கு வடக்கே ஒரு சதுப்பில் அந்த மேடு இருந்தது. ஊர்ப்பெயர் கேட்காதீர்கள், அப்படி ஓர் ஊர் இல்லை.

3

சின்னராஜ் சங்ககிரியில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுபவர். இறால் பண்ணைக்கு சிமென்ட் இறக்கப் போயிருந்தார். அந்தப் பக்கம் போனால் குமாரபாளையம் சாயப்பட்டறைக்கு உப்பு ஏற்றிக்கொண்டு திரும்புவது வழக்கம். அந்த முறை விடாத மழை, உப்பு லோடு கிடைக்கவில்லை. குட்டை வெட்டுவதற்காக ஒரு ஜேசிபி அங்கிருந்த செம்மேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஊரில் அவருடைய தங்கை சாரதாமணி வீடு கட்டிக்கொண்டிருந்தாள், பேஸ்மட்டம் நிரப்ப மண் வேண்டியிருந்தது. இந்த மண் செக்கச்செவேலென்று, பொடியும் கல்லுமாக, மிதித்தால் கெட்டியாக நின்றது. ஒரு லோடு போடச் சொன்னார்.

[டீசல் கணக்குப் பார்க்கிற வாசகர் இங்கே குறுக்கே விழுவார்: அத்தனை தூரமா மண்ணைச் சுமப்பான்? நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சங்ககிரி லாரிக்காரரிடம் காலி வண்டியை ஓட்டிவரச் சொல்லிப் பாருங்கள். கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போகச் சொன்ன மாதிரி முகம் சுண்டிப்போகும்.]

மேட்டின் மிச்சமெல்லாம் குட்டையின் கரையாகி, ரோலர் ஏறி நொறுங்கி, மேலே சிமென்டும் பூசியாகிவிட்டது. ரஞ்சனியிடம் மிஞ்சியது மேட்டின் ஒரு பழைய புகைப்படமும், ஜேசிபி டிரைவர் சொன்ன ஒரு தகவலும்தான். ஒரு லோடு சங்ககிரி வண்டியில் போனதாம். அந்த வண்டியை விசாரித்துக்கொண்டே அவள் வந்து சேர்ந்தாள்.

4

ரஞ்சனியிடம் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. முதல் பிரதியில் அவள் சாரதாமணியின் வீட்டு வாசலில் நின்று, "வரலாறு என்பது வென்றவர்களின்..." என்று ஆரம்பித்தாள். வாயை மூடச் சொல்லி அந்த வரியை அடித்துவிட்டேன். ஆத்தூரில் வளர்ந்த பெண், பஸ் மாறி மாறி வந்து இறங்கியதும் தண்ணீர்தான் கேட்பாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்த பிறகுதான் ஆள் உருவானாள். அந்த மேடு உப்புக் காய்ச்சிய இடம் என்று அவள் சொல்கிறாள், வெறும் செங்கல் சூளை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அள்ளிக் கொட்டியதில் மண்ணடுக்குகள் கலைந்துவிட்டன, அதைத் திருப்ப முடியாது. ஆனாலும் சட்டித் துண்டும் மண்காலும் ஒரு கூடை கிடைத்தால் சூளை என்ற பேச்சு அடங்கும். அந்தக் கூடை சாரதாமணியின் தரைக்கு அடியில் இருக்கிறது. தண்ணீரைக் குடித்ததும், தரையைத் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

சாரதாமணி வீட்டைச் சுற்றிக் காட்டினாள். நாலு சுவரிலும் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் உரிந்து, பூச்சு பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. கொத்தனார் வெங்கடாசலம் கரிக்கிற போர்வெல் தண்ணீரில் கலவை போட்டதால் வந்த வினை என்றாள். பேஸ்மட்டத்து மண் மட்டும் பொறந்த ஊட்டுச் சீர், அண்ணன் கடலோரத்திலிருந்து கொண்டுவந்து கொட்டியது என்று அதையும் பெருமையாகச் சொன்னாள். ரஞ்சனிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சுவரைத் தின்றுகொண்டிருப்பது அந்தச் சீர்தான்.

5

வெளியே லாரிக்குப் பக்கத்தில் வைத்து சின்னராஜ் அவளைக் கேட்டார். சுவரைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் சந்தேகம் முற்றியிருந்தது.

"ஏனுங்க மேடம், அந்த மண்ணுல உப்பு இருந்துச்சுங்களா?"

இருந்தது என்றாள் ரஞ்சனி.

"அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சுவத்தப் பத்தி எம்பட தங்கச்சி என்னைய ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க. நான் கொண்டாந்து கொட்டுனதுதான் ஊட்டக் கெடுக்குதுன்னு தெரிஞ்சா, நான் அந்த ஊட்டுப்படி எப்படீங்க ஏறுவேன்?"

தலையாட்டிவிட்டு உள்ளே வந்தாள். சமையலறையில் சாரதாமணி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"போன ஐப்பசி மழைக்கே சுவத்தத் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்துப்போட்டனுங்க சாமி. எங்க போர்த் தண்ணி இத்தன கரிக்காது. தெரிஞ்சுதான் கொத்தனாரு மேல பழியப் போட்டுட்டுத் திரியறேன், பாவம் அந்த மனுசன். நீங்க தரையத் தோண்டுனா எங்கண்ணனுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க. அவரு தாங்க மாட்டாரு."

[இந்த இடம் நான் திட்டமிட்டதல்ல. அவளை ஒன்றும் அறியாதவளாகத்தான் வைத்திருந்தேன். டீ ஆற்ற விட்டதும் பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனதும் இங்கேதான்.]

6

உங்களுக்குத் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. இருவருக்கும்தான் தெரியுமே, போட்டு உடைத்துவிட்டால் என்ன? தரையைத் தோண்டி அந்த மண்ணை எடுத்தால் சுவரும் பிழைக்கும், ரஞ்சனியின் ஆய்வும் பிழைக்கும்.

முடிவு ஒன்று என்று தலைப்பிட்டு அப்படியே எழுதினேன். ரஞ்சனி சொல்கிறாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். தரை உடைகிறது, மண்கால்கள் வெளியே வருகின்றன, ஒன்றில் பிசைந்தவரின் விரல் பதிந்த தடம்கூட இருக்கிறது. பிறகு சின்னராஜை அந்த வீட்டில் சாப்பிட உட்காரவைக்கப் பார்த்தேன். "வேலை இருக்குது, வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போனார்.

முடிவு இரண்டு: ரஞ்சனி ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறுகிறாள். சாரதாமணி வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்கிறாள், தீபாவளிக்கு அண்ணன் வந்து சாப்பிட்டுப் போகிறார். அந்த மேடு செங்கல் சூளை என்றே நிலைத்துவிடுகிறது. சதுப்பில் உப்புக் காய்ச்சியவர்கள் இருந்ததே இல்லை என்றாகிவிடுகிறது. இதை எழுதி முடித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

7

ஹாலில் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். டீ ஆறிக்கொண்டிருக்கிறது. அண்ணன் தங்கையைப் பார்க்காமலும் தங்கை அண்ணனைப் பார்க்காமலும் ரஞ்சனியையே பார்க்கிறார்கள்.

"என்னுங்க மேடம்," என்கிறார் சின்னராஜ், "தோண்டோணுமுங்களா, வேண்டாமுங்களா?"

ரஞ்சனி நிமிர்ந்து, "வந்து..."

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. உப்புக் காய்ச்சியவர்களில் ஒருவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இவர்கள் இருவருக்கும் நானே பெயர் வைத்துவிட்டேன், அண்ணன் தங்கை ஆக்கிவிட்டேன். பெயர் வைத்த பக்கமே மனசு சாய்கிறது. பெயரில்லாதவர்களுக்காகப் பேச என்னை விட்டால் ஆள் இல்லை என்று தெரிந்தும் சாய்கிறது. நீங்கள் இங்கே யாரையும் பெறவில்லை, வளர்க்கவில்லை. அதனால் உங்களால் நியாயமாகச் சொல்ல முடியும். அந்தத் தரையை உடைக்கலாமா?